வளர்ப்பு நாயுடன் குடும்பக் கூடாரப் பயணம்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

ஏற்காடு, ஏலகிரி, கொல்லிமலை, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் கூடாரம் அமைத்து ஓரிரு இரவுகள் தங்கும் வழக்கம் நகரக் குடும்பங்களிடையே பெருகியுள்ளது. வீட்டில் நாய் வளர்ப்போர் அதனைத் தனியே விட்டுச்செல்ல மனமின்றி உடன் அழைத்துச் செல்கின்றனர். இதில் தவறேதும் இல்லை. எனினும் வீட்டில் இருக்கும் நாயும் புதரிலும் ஓடையிலும் திரிந்துவிட்டு இரவில் குழந்தையின் அருகில் வந்து படுக்கும் நாயும் மருத்துவ நோக்கில் ஒன்றல்ல. பயணம் முடிந்து இரண்டு வாரங்கள் கழித்துக் காய்ச்சலுடன் வரும் நோயாளி தாம் காட்டோரம் தங்கியதையோ, நாயின் உடலிலிருந்து உண்ணி எடுத்ததையோ பெரும்பாலும் கூறுவதில்லை. கேட்டால்தான் நினைவுகூர்கின்றனர். அந்த ஒரு தகவல் மருந்தையே மாற்றக்கூடியது என்பதால் இப்பக்கம் எழுதப்படுகிறது.

புறப்படும் முன்

நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போடப்பட்டுள்ளதா என்பதே முதல் கேள்வி. குட்டிக்கு மூன்று மாத வயதில் முதல் ஊசியும், பின்னர் கால்நடை மருத்துவர் குறிக்கும் நாளில் ஊக்க ஊசியும், அதன்பின் ஆண்டுதோறும் ஒன்றும் போடப்படுகின்றன. முதன்முறை ஊசி போட்டவுடன் பாதுகாப்பு உருவாகிவிடாது. ஏறத்தாழ மூன்று வாரங்கள் தேவை. ஆகவே பயணத்திற்கு முந்தைய நாள் அவசரமாக ஊசி போட்டுக்கொண்டு புறப்படுவதில் பயனில்லை. எலிக்காய்ச்சலுக்கு எதிரான பாதுகாப்பு நாய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியில் அடங்கியிருக்கும். அதுவும் உரிய காலத்தில் போடப்பட்டதா என்று அட்டையைப் பார்த்து உறுதிசெய்து கொள்க. குடற்புழு நீக்க மருந்தும், உண்ணி அண்டாமல் தடுக்கும் கழுத்துப்பட்டையோ தோலில் இடும் மருந்தோ கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி பயன்படுத்தப்பட வேண்டும். தோலில் மருந்து இட்டபின் அது உலரும்வரை குழந்தைகள் நாயைத் தொடலாகாது.

தங்கும் இடமும் கருதத்தக்கது. முதுமலை, ஆனைமலை, சத்தியமங்கலம், களக்காடு முண்டந்துறை போன்ற புலிகள் காப்பகங்களுக்குள் வளர்ப்பு நாயை அழைத்துச் செல்ல எண்ணவே வேண்டாம். நாய்களிடமிருந்து பரவும் டிஸ்டம்பர் நோய் காட்டு விலங்குகளைக் கொல்லும். 2018ஆம் ஆண்டு குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் இறந்தபோது இந்நோய்க்கிருமி கண்டறியப்பட்டது. காப்பகத்திற்கு வெளியே, உரிய அனுமதியுடன் இயங்கும் தங்குமிடங்களிலும் நாய்க்கு இசைவு உண்டா என்று முன்கூட்டியே கேட்டறிக. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் எவ்வளவு தொலைவில் உள்ளது, அங்கிருந்து கைப்பேசித் தொடர்பு கிடைக்குமா என்பதையும் சேர்த்தே கேட்கலாம். அறையின் வசதிகளைப் பற்றிப் பத்துக் கேள்விகள் கேட்போர் இதனைக் கேட்பதில்லை.

வெறிநாய்க்கடி நோய்: "நம் வீட்டு நாய்தானே" என்னும் எண்ணம்

ரேபிஸ் எனப்படும் வெறிநோயின் அறிகுறிகள் மனிதரிடம் தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. அறிகுறி தோன்றும் முன் முறையான சிகிச்சை பெற்றால் அது ஏறத்தாழ முழுமையாகத் தடுக்கப்படக்கூடியது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள காலத்தை வீணாக்குவது பெரும்பாலும் அலட்சியமன்று; நம்பிக்கையே. கடித்தது தெருநாயாக இருந்தால் உடனே மருத்துவமனைக்கு வருவோர், தம் நாய் கடித்தால் மஞ்சள் பூசிவிட்டு இருந்துவிடுகின்றனர்.

புதிய இடத்தில் நாயின் இயல்பு மாறும். அறியாத ஒலிகள், வேற்று விலங்குகளின் வாசனை, நெருப்பு, அந்நியர் நடமாட்டம் ஆகியன அதனை அச்சுறுத்தும். இறைச்சி வாட்டும் இடத்தில் உணவுக்கு அருகே குழந்தை கைநீட்டும்போது, வீட்டில் ஒருநாளும் கடித்திராத நாயும் கடிக்கலாம். குழந்தையின் முகம் நாயின் வாய்க்கு நேர் உயரத்தில் இருப்பதால் கடி முகத்திலும் கழுத்திலும் விழுகிறது. இவ்விடங்கள் மூளைக்கு அருகில் இருப்பதால் நோய் வெளிப்படும் காலம் குறையக்கூடும், தாமதிக்க நேரமில்லை.

மற்றொரு சூழலையும் விளக்க வேண்டும். தங்குமிடத்தில் ஒரு தெருநாயோ நரியோ நம் நாயைக் கடித்துவிடுகிறது. அழுதுகொண்டே குழந்தை ஓடிச்சென்று நாயைக் கட்டியணைக்கிறது. நம் நாய்க்கு அன்றே வெறிநோய் வந்துவிடாது. கிருமி அதன் உடலில் வளர வாரங்களோ மாதங்களோ ஆகும். ஆனால் கடித்த விலங்கின் ஈரமான உமிழ்நீர் நம் நாயின் மயிரிலும் காயத்திலும் படிந்திருக்கும். அது குழந்தையின் கையிலுள்ள சிராய்ப்பிலோ, கண்ணிலோ, வாயிலோ படுவது மருத்துவ நோக்கில் புறக்கணிக்கத்தக்கதன்று. எனவே முதலில் குழந்தைகளை விலக்குக. பெரியவர் ஒருவர் கையுறையோ தடிமனான நெகிழிப்பையோ அணிந்து, நாயின் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். நாய்க்கு முன்னரே தடுப்பூசி போடப்பட்டிருப்பினும் கடிக்குப் பிந்தைய ஊசிகள் தேவைப்படும். அதனைக் கால்நடை மருத்துவர் முடிவு செய்வார்.

மனிதருக்குக் கடியோ கீறலோ ஏற்பட்டால் முதற்செயல் கழுவுதலே. குழாய் நீரோ, குவளையால் தொடர்ந்து ஊற்றும் நீரோ கொண்டு சோப்பிட்டு முழுமையாகப் பதினைந்து நிமிடங்கள் கழுவ வேண்டும். மேற்போக்காகக் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு விரைவது போதாது. கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுக. கிருமியின் பெரும்பகுதி அவ்விடத்திலேயே அழிக்கப்படுகிறது. பின்னர்ப் பொவிடோன் அயோடின் தடவலாம். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள், எண்ணெய் எதையும் இடலாகாது. காயத்தை இறுகக் கட்டவும் கூடாது.

சிகிச்சை காயத்தின் தன்மையைப் பொறுத்தது. நலமான, காயமற்ற தோலை நாய் நக்கியிருந்தால் கழுவுவதே போதும். இரத்தம் வராத கீறலோ, மெல்லிய பற்பதிவோ இருந்தால் தடுப்பூசி தேவை. தோலைக் கிழித்து இரத்தம் வந்த கடி, காயத்தின்மேலோ கண், வாய் ஆகிய இடங்களிலோ பட்ட உமிழ்நீர் ஆகியவற்றுக்குத் தடுப்பூசியுடன் இம்யூனோகுளோபுலின் எனும் எதிர்ப்புப்பொருளும் காயத்திலும் அதனைச் சுற்றியும் செலுத்தப்பட வேண்டும். குரங்கு, நரி உள்ளிட்ட காட்டு விலங்குகளின் கடி அனைத்தும் இக்கடைசி வகையிலேயே சேர்க்கப்படுகின்றன. மலைப்பாதைகளில் நாயைக் கண்டு குரங்குகள் சீறுவதும், இடையே புகுந்தவர் கடிபடுவதும் உண்டு.

தோலினுள் செலுத்தும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் தடுப்பூசி போடப்படுகிறது. முதல் ஊசி போடும் நாளே 0 எனக் கொள்ளப்படும். தசையில் செலுத்தும் முறையில் 0, 3, 7, 14, 28 என ஐந்து நாட்கள். இந்த ஊசி வயிற்றில் போடப்படும் என்று இன்றும் அஞ்சுவோர் உள்ளனர். அம்முறை கைவிடப்பட்டுப் பல்லாண்டுகள் ஆகின்றன. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இத்தடுப்பூசி கட்டணமின்றிக் கிடைக்கிறது. பயணம் சென்ற ஊரில் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு, எஞ்சியவற்றைத் தம் ஊரிலேயே தொடரலாம். சிகிச்சை அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும். "ஞாயிற்றுக்கிழமை ஊருக்குத் திரும்பியபின் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒத்திப்போடுவது வேண்டாம். மாறாக, எக்காரணத்தாலோ தாமதமாகிவிட்டவர், இனிப் பயனில்லை என்று எண்ணி வராமல் இருப்பதும் தவறு. கடிபட்டு வாரங்கள் கடந்திருந்தாலும் சிகிச்சை தொடங்கப்பட வேண்டும்.

கடித்த நாய் தடுப்பூசி பெற்ற வளர்ப்பு நாயாயின், அதனைப் பத்து நாட்கள் கண்காணிக்க வேண்டும். ஆனால் சிகிச்சையைத் தொடங்கிவிட்டே கண்காணிக்க வேண்டும். பத்து நாட்கள் பார்த்துவிட்டுத் தொடங்குவது முறையன்று. நாய் நலமாக இருப்பின் எஞ்சிய ஊசிகளைப் பற்றி மருத்துவர் முடிவெடுப்பார். இக்கண்காணிப்பு முறை நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே பொருந்தும்.

உண்ணியும் புதர்ப்பூச்சியும்

பொதுவழக்கில் எல்லாவற்றையும் உண்ணி என்றே கூறுகிறோம். மருத்துவத்தில் இரண்டைப் பிரித்தறிதல் நன்று. நாயின் காதுமடல், கால்விரல் இடுக்கு, கழுத்துப்பட்டையின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடித்துப் பட்டாணிபோல் உப்பும் உண்ணி கண்ணுக்கு எளிதில் தெரியும். இது ஒருவகை உண்ணிக் காய்ச்சலை மனிதருக்குப் பரப்பக்கூடியது. காய்ச்சலுடன் உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவும் சிவந்த தடிப்புகள் அதன் அடையாளம். நாய்க்கும் இதே உண்ணியால் இரத்தத்தைத் தாக்கும் நோய்கள் வருகின்றன. இரத்தம் குடித்த பெண் உண்ணி வீட்டில் உதிர்ந்தால் சுவர் வெடிப்புகளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பயணத்தின் நினைவாக நாம் வீட்டுக்குக் கொண்டுவர விரும்பாத பொருள் இது.

மற்றொன்று ஸ்க்ரப் டைபஸ் நோயைப் பரப்பும் பூச்சி. புதர், புல், ஈரமண் ஆகியவற்றில் வாழும் மிகச்சிறிய பூச்சியின் இளம்பருவப் புழுவே கடிக்கிறது. வெறுங்கண்ணால் காண்பது கடினம். இந்நோய்க்கு நாயைக் குறைகூறுவதில் பொருளில்லை. நாயிடமிருந்து இது தொற்றுவதில்லை. ஆனால் பந்தைத் தேடி நாய் புதருக்குள் பாய, அதன்பின்னே குழந்தையும் நுழைய, இருவரும் அப்பூச்சியின் இருப்பிடத்தில் நிற்கின்றனர். தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் அதனைத் தொடரும் குளிர்மாதங்களிலும் இந்நோய் மிகுதியாகக் காணப்படுகிறது. கூடாரப் பயணங்களும் அம்மாதங்களிலேயே மிகுதி.

கடிபட்டு ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குள் கடுங்காய்ச்சல், தலைவலி, உடல்வலி தோன்றும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோன்ற கருத்த பொருக்கு உண்டாகலாம். அது வலிப்பதில்லை, அரிப்பதும் இல்லை. அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு, மார்பின் கீழ்ப்பகுதி போன்ற மறைவிடங்களில் இருப்பதால் நோயாளியே அறிவதில்லை. வெட்கத்தால் இவ்விடங்களை மருத்துவரிடம் காட்டத் தயங்குவோரிடம் என் வேண்டுகோள்: அந்தப் பொருக்கு ஒன்றே நோயைக் காட்டிக்கொடுத்துவிடும். குழந்தைகளையும் முதியோரையும் கவனிப்போர் குளிப்பாட்டும்போது உச்சி முதல் பாதம் வரை பாருங்கள். பொருக்கு இல்லை என்பதால் நோய் இல்லை என்றும் கொள்ளலாகாது. உரிய காலத்தில் டாக்ஸிசைக்ளின் தொடங்கினால் பெரும்பாலோருக்கு இரண்டு நாட்களில் காய்ச்சல் தணிகிறது. கருவுற்றோருக்கு அசித்ரோமைசின் தரப்படும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியன பாதிக்கப்பட்டு உயிரிழப்பு நேரலாம். மருந்துக்கடையில் காய்ச்சல் மாத்திரை மட்டும் வாங்கி நாட்களைக் கடத்துவதே இதில் பெருங்கேடு.

மேற்குத் தொடர்ச்சி மலையில் பயணம் செய்வோர் குரங்குக் காய்ச்சல் எனப்படும் கியாசனூர் காட்டு நோயையும் அறிந்திருப்பது நலம். 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் கண்டறியப்பட்ட இந்நோய், பின்னர்க் கேரளத்தின் வயநாடு வரை பரவியது. காட்டு உண்ணிகளால் பரவும் இதற்குத் தனி மருந்து இல்லை. குரங்குகள் இறந்துகிடக்கும் இடத்தில் தங்கலாகாது. நாயை அருகில் விடலாகாது. வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

உண்ணியை எடுக்கும் முறை எளிது. நுனி கூரிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மெல்ல இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுதல், தீக்குச்சியால் சுடுதல், நகத்தால் நசுக்குதல் ஆகியன வேண்டாம். நசுங்கும் உண்ணியிலிருந்து வெளிவரும் நீர்மம் கையில் படும். எடுத்த பின் அவ்விடத்தையும் கையையும் சோப்பிட்டுக் கழுவுக. மாலையில் கூடாரத்துக்குள் நுழையும் முன் நாயைச் சீப்பால் வாரிப் பார்ப்பதையும், முழுக்கால் உடையைக் காலுறைக்குள் செருகி நடப்பதையும் வழக்கமாக்கிக் கொள்ளலாம். பூச்சிவிரட்டும் களிம்பு மனிதருக்கானது. அதனை நாய்க்குப் பூசக்கூடாது.

நீரும் மண்ணும்

எலிக்காய்ச்சல் என்னும் லெப்டோஸ்பைரோசிஸ் எலியால் மட்டும் பரவுவதன்று. நலமாகத் தோன்றும் நாயின் சிறுநீரிலும் அக்கிருமி வெளியேறலாம். மழைக்குப் பின் தேங்கிய குட்டையிலும் மெல்ல ஓடும் ஓடையிலும் காலில் காயத்துடன் இறங்குவோர்க்குத் தொற்று நேரலாம். காய்ச்சலுடன் கெண்டைக்கால் தசையில் கடும்வலி, கண் சிவத்தல், பின்னர் மஞ்சட்காமாலை, சிறுநீர் குறைதல் ஆகியன தோன்றினால் தாமதிக்கக்கூடாது. குடிநீரும் சமையல்நீரும் எடுக்கும் இடத்துக்குக் கீழே, நீரோட்டம் செல்லும் பக்கத்தில் மட்டுமே நாயை நீரில் இறக்குக.

நாயின் மலத்தில் உள்ள கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் மணலில் காத்திருந்து வெறுங்காலின் தோலில் நுழைந்து, நெளிந்த கோடுபோன்ற கடும் அரிப்புத் தடத்தை உண்டாக்கும். கடற்கரையில் கூடாரம் அமைப்போரிடம் இது காணப்படுகிறது. மலத்தைப் பையில் எடுத்து அகற்றுவது பிறர்க்குச் செய்யும் மரியாதை மட்டுமன்று, நம் குழந்தையின் பாதத்துக்கும் பாதுகாப்பு.

இறைச்சி சமைக்கும்போது ஆட்டின் ஈரல், நுரையீரல் போன்றவற்றின் ஒதுக்கிய பச்சைத் துண்டுகளை நாய்க்கு எறியும் வழக்கம் உண்டு. அதனைக் கைவிட வேண்டும். அத்துண்டில் உள்ள நாடாப்புழுவின் கட்டி நாயின் குடலில் முதிர்ந்த புழுவாகி, அதன் முட்டை மலத்தின் வழியே நம் கைக்கும் உணவுக்கும் வந்தால், பல ஆண்டுகள் கழித்து மனிதரின் ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டியாக வளர்கிறது. அறுவை சிகிச்சை வரை கொண்டுசெல்லும் நோய் இது. நாய்க்குக் கொடுப்பதாயின் நன்கு வேகவைத்துக் கொடுங்கள்.

இரவுப் பொழுது

நாய் காவலிருக்கும் என்ற நம்பிக்கையில் அதனைக் கூடாரத்துக்கு வெளியே கட்டிவைப்பது மலைப்பகுதியில் ஆபத்தானது. சிறுத்தைக்கு நாய் விருப்பமான இரை. கட்டப்பட்ட நாய் தப்பவும் இயலாது. யானையைக் கண்டு குரைத்துச் சீண்டும் நாய், யானை துரத்தும்போது ஓடிவருவது தன் உரிமையாளரிடமே. மாலைக்குப் பின் நாயை அவிழ்த்து விடாமல், கூடாரத்தின் உள்ளேயோ அறையிலோ வைத்திருக்க வேண்டும். நாய்க்கான உணவை வெளியே தட்டில் விட்டுவைத்தால் எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும்.

கட்டுவிரியன் இரவில் தரையில் உறங்குவோரைக் கடிப்பது வழக்கம். கடித்த தடமும் வலியும் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, கண்ணிமை தொங்குதல், விழுங்க இயலாமை, பேச்சுக் குழறல் ஆகியவற்றுடன் ஒருவர் எழுந்தால், உணவு ஒவ்வாமை என்று எண்ணாமல் பாம்புக்கடியாகக் கருதி 108ஐ அழையுங்கள். கடிபட்ட உறுப்பை அசையாமல் தாங்கி வைக்க வேண்டும். இறுகக் கட்டுதல், கீறுதல், உறிஞ்சுதல் கூடாது. தரை இணைந்து தைக்கப்பட்ட, முழுமையாக மூடும் கூடாரத்தையே பயன்படுத்துக.

குளிருக்காக அடுப்புக்கரியைக் கூடாரத்துக்குள் வைத்து உறங்குவது உயிரைப் பறிக்கும். கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. நாய் முன்கூட்டியே எச்சரிக்கும் என்றும் நம்பலாகாது.

உடன்வருவோர் நோயாளியாக இருந்தால்

ஆஸ்துமா உள்ளோர் வீட்டில் நாயுடன் இயல்பாக இருந்தாலும், மூடிய சிறு கூடாரத்தில் எட்டு மணிநேரம் உடன் உறங்குவது வேறு. இன்ஹேலரைப் பெட்டியின் அடியில் அன்றித் தலைமாட்டில் வையுங்கள். இயன்றால் அவருக்குத் தனிக் கூடாரம் தருக. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தோர் கூடாரத்துக்குள்ளும் காலணியின்றி நடக்கலாகாது. அவர்தம் பாதப்புண்ணை நாய் நக்குவதை அன்பின் அடையாளமாகக் கொண்டு அனுமதிப்போர் உள்ளனர். நாயின் வாயில் இயல்பாக வாழும் சில பாக்டீரியாக்கள், மண்ணீரல் அகற்றப்பட்டோர், கல்லீரல் நோயாளிகள், மது அருந்துவோர், நோயெதிர்ப்பாற்றல் குறைந்தோர் ஆகியோரிடம் இரத்தத்தில் கலந்து சில நாட்களுக்குள் உயிருக்கே கேடு விளைவிக்கக்கூடும். இத்தகையோருக்குச் சிறு கடியும் மருத்துவமனைக்குரியதே. வெறிநோய்ச் சிகிச்சையில் இம்யூனோகுளோபுலினும் பிறரைவிட எளிதில் தேவைப்படும். புற்றுநோய்க்கு மருந்தேற்றம் பெறுவோரும், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோரும் இத்தகைய பயணத்தைப் பற்றித் தம் சிகிச்சை மருத்துவரிடம் முன்னரே பேசிவிட வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உண்போருக்குக் கடிவாயில் இரத்தம் எளிதில் நிற்காது. சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடியே அழைத்து வருக. கருவுற்ற பெண்களுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போடத் தடை ஏதும் இல்லை.

குடும்பத்தினருக்கான மருந்துப் பெட்டியிலிருந்து நாய்க்கு மருந்து கொடுக்க வேண்டாம். பாரசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் நாய்க்கு நஞ்சாகலாம்.

திரும்பிய பின்

பயணத்திலிருந்து திரும்பிய மூன்று வாரங்களுக்குள் குடும்பத்தில் எவருக்கேனும் காய்ச்சல் வந்தால், மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் மூன்று செய்திகளைத் தாமே கூறுக: எங்கு, எந்த நாட்களில் தங்கினீர்கள், உடலிலோ நாயின் மேலோ உண்ணி இருந்ததா, ஓடை, குட்டை நீரில் இறங்கினீர்களா. சிறு குழந்தைகள் திட்டுக்கு அஞ்சி நாயின் கீறலை மறைப்பதுண்டு. ஆகவே திரும்பிய அன்றே கை, கால், முகம் ஆகியவற்றைப் பார்த்து, கோபமின்றிக் கேளுங்கள். கடி, கீறல் குறித்து ஐயம் இருப்பின் 104 மருத்துவ உதவி எண்ணில் ஆலோசனை பெறலாம். அவசர நிலையில் 108. நாய் உண்ண மறுத்தாலோ, உமிழ்நீர் வழிய, குரல் மாறி, இயல்புக்கு மாறாக நடந்துகொண்டாலோ அதன் வாய்க்குள் கைவிட்டுப் பார்க்காமல் தனியறையில் அடைத்து, கால்நடை மருத்துவ உதவிக்கான 1962 எண்ணை அழையுங்கள். பயணத்தின்போது அதனுடன் நெருங்கிப் பழகியோர் அனைவரும் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள்.